பழுது பார்க்காமல் அனுப்பிய வண்டி

சார்ஜ் ஏறவில்லை என்று ஒரு வண்டி வந்தால் மெக்கானிக்குகளான உங்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஸ்டார்ட் செய்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்து, ஆக்சிலேட்டரை முறுக்குவீர்கள். எண் ஏறும். "சார்ஜிங் சூப்பரா கீதுபா, பேட்டரிய மாத்து" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவீர்கள். நானும் பல வருஷம் அப்படிச் செய்தவன்தான். முறுக்கிப் பார்ப்பது குற்றமில்லை. ஆனால் அந்த ஒரு முறுக்கில் ஒரு குடும்பமே இரண்டாகப் பிளக்கப் பார்த்தது. அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

திருத்தணியில், அரக்கோணம் சாலையில் என் கடை. பலகையில் ஆட்டோ எலக்ட்ரிகல் ஒர்க்ஸ் என்று இருந்தாலும் ஊருக்கு அது பேட்டரிக் கடைதான். இப்போது என் தங்கை மகன் நடத்துகிறான். நான் காலையில் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவனுக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறேன். ஆடி மாதம் வந்து, காவடிக்காரர்களின் பம்பைச் சத்தம் மலைப்பக்கமிருந்து கேட்க ஆரம்பித்தால் எனக்குத் தணிகாசலத்தின் ஞாபகம் வந்துவிடும்.

தணிகாசலமும் முனிரத்தினமும் அண்ணன் தம்பிகள். கே.ஜி.கண்டிகைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ். தகப்பனார் காலமான பிறகு நிலத்தைப் பாகம் பிரித்தார்கள். வீட்டையும் நடுவில் சுவர் வைத்துப் பிரித்தார்கள். கிணற்றை எப்படிப் பிரிப்பது? அதனால் முறை வைத்தார்கள். ஒரு வாரம் அண்ணன் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சலாம், அடுத்த வாரம் தம்பி. இது நம் பக்கத்தில் எல்லாப் பங்காளிகளும் செய்வதுதான். கடைசியில் மிஞ்சியது தகப்பனாரின் மோட்டார் சைக்கிள். அதையும் வெட்டிப் பிரிக்க முடியாது, விற்கவும் மனசில்லை. ஆகவே அதையும் கிணற்றோடு சேர்த்துவிட்டார்கள். எந்த வாரம் யாருக்குத் தண்ணீரோ அந்த வாரம் அவருக்கு வண்டி. இப்படி ஒரு ஏற்பாட்டை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கனமான பழைய வண்டி அது. இருவரும் அதை 'நைனா வண்டி', அதாவது அப்பா வண்டி, என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்து வண்டி என்பதால் இன்ஜினில் பொறி வருவதற்கே பேட்டரி வேண்டும். பேட்டரி செத்தால் வண்டியும் செத்தது. ஹெட்லைட் மேலே சார்ஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் ஒரு முள் மீட்டர் இருந்திருக்கிறது. அது என்றைக்கோ கெட்டுப்போக, தகப்பனார் அதன் கண்ணாடி மேல் முருகன் படம் ஒன்றை ஒட்டிவிட்டார். வேலை செய்யாத மீட்டரைப் பார்ப்பதைவிட முருகனைப் பார்ப்பது மேல் என்று நினைத்திருப்பார். எனக்கும் அதில் மறுப்பில்லை.

ஒரு ஆனி மாதக் கடைசியில் இருவரும் சேர்ந்தே வண்டியைக் கொண்டுவந்தார்கள். சேர்ந்து வந்தார்களே தவிர, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இன்னா ஞானம், நல்லா பாத்து சொல்லு" என்றார் தணிகாசலம். "என் முறையில இது ஒரு நாளும் மக்கர் பண்ணாது. இவன் கைக்குப் போனா நாலு நாள்ல பேட்டரி பொணம். ஒவ்வொரு வாட்டியும் நான்தான் சார்ஜ் போட்டு எடுத்துக்கினு போறேன்."

"நான் பேட்டரிய தொடவே இல்லீங்கண்ணா" என்றார் முனிரத்தினம் என்னைப் பார்த்து.

"தொடாமத்தான் மாட்டுக் கொட்டாயில பல்பு எரியுதா?"

"அது தூக்கிப் போட்ட பழைய பேட்டரிங்க. மாடு கன்னு போட்டப்ப எரிஞ்சிது. அவ்ளோதான்."

"கேட்டியா கதைய? பொழுதானா கழட்டி லைட்டு எரிக்கிறான், காலைல மாட்டி உட்டுட்றான். திருட்டுப் பய."

விஷயம் இதுதான். டீக்கடையில் நாலு பேர் எதிரில் அண்ணன் தம்பியைத் திருடன் என்று சொல்லிவிட்டார். பேட்டரி எல்லாம் அதற்குப் பிறகு ஒரு சாக்கு.

நான் வண்டியைப் பார்த்தேன். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு லைட்டைப் போட்டால் சார்ஜ் இறங்கியது. அது எந்தப் பழைய வண்டிக்கும் இறங்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முறுக்கினேன், ஜம்மென்று ஏறியது. அரக்கோணத்தில் வேறு ஒரு மெக்கானிக் ஏற்கெனவே இன்ஜின் கவரைத் திறந்து, சார்ஜை உண்டாக்கும் கம்பிச் சுருள்களான காயில்களைப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். தணிகாசலத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

"மெசின் நல்லா கீது. அப்ப மனுசன்தான் கெட்டவன்" என்றார். பிறகு தம்பியின் பக்கம் முதன்முதலாகத் திரும்பினார். "ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வா. கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணு, தொடலன்னு."

முனிரத்தினம், "பண்றேன்" என்றார்.

வெளியூரிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது புரியாமல் இருக்கலாம். சன்னிதி முன்னால் கற்பூரம் ஏற்றி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வார்கள். பொய்ச் சத்தியம் செய்தால் செய்தவன் குடும்பத்துக்கு ஆகாது. மெய்ச் சத்தியம் என்றால் அதைக் கேட்டு வாங்கியவன் குடும்பத்துக்கு ஆகாது. எப்படியும் அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவே சோறு தண்ணீர் கிடையாது. நான் அந்தச் சன்னிதிக்குப் போகிறவன் இல்லை. என் தாத்தா காலத்திலேயே நாங்கள் மாதா கோயில் பக்கம் வந்துவிட்டோம். ஆனால் கற்பூரம் அடித்த வீடுகளை எனக்குத் தெரியும். அடுத்த தலைமுறைக்கு ஏன் பேசவில்லை என்பதே மறந்துபோயிருக்கும், பேச்சு மட்டும் இருக்காது.

"நீயும் அன்னைக்கு வந்து, வண்டில ஒரு கோளாறும் இல்லன்னு சொல்லிடு ஞானம். வேணும்னா உங்க கோயில்ல சத்தியம் பண்ணிக்கோ" என்றார் தணிகாசலம்.

"எங்க கோயில்ல சத்தியமே பண்ணக்கூடாதுன்றாங்க தணிகாசலம். எனக்கும் அதான் தோதா இருக்குது. வண்டிய உட்டுட்டுப் போ, பாக்கலாம்."

மறுநாள் தணிகாசலத்தின் மனைவி கோமளா ஆட்டோ பிடித்துத் தனியாக வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையிலிருந்த துணிப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே வெற்றிலை பாக்கு, அதன் மேல் ஒரு கற்பூரப் பொட்டலம்.

"சத்தியத்துக்கு வாங்கி வைன்னாருங்கண்ணா. வாங்கிட்டேன். எனக்குப் புள்ள குட்டி இல்ல, உங்களுக்குத் தெரியும். கொழுந்தனார் பொண்ணு தேவிதான் எங்க வீட்ல வளருது. பெரியப்பாவ 'பெத்த நைனா, பெத்த நைனா'ன்னு சுத்தி சுத்தி வரும். பள்ளிக்கூடம் உட்டா நேரா எங்கூட்டுக்குத்தான் வரும். சத்தியம் ஆயிட்டா அது என் கையால ஒரு டம்ளர் தண்ணி குடிக்குமா? இவரு அத நெனக்கிறாரா? ஏதோ ஒரு சாமான மாத்திப் போட்டு ஓட்டி உட்ருங்கண்ணா, உங்களுக்குப் புண்ணியமா போவும்."

என்னால் அதைச் செய்திருக்க முடியும். எனக்குச் சந்தேகம் காயில் மேல். வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்சுற்றில் எங்கோ ஒட்டிக்கொண்டு, சூடேறினால் பாதி பலம் போகிற காயில்கள் உண்டு. புதிதாகச் சுற்றிப் போட்டுவிட்டால் வண்டி ஓடிவிடும். கோமளா அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு போனபோது கை அதற்கே பரபரத்தது.

ஆனால் சரி செய்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். பேட்டரி சாகாது. உடனே தணிகாசலம் என்ன சொல்வார்? "பாத்தியா, சத்தியம்னதும் பயந்துக்கினு கை வைக்காம உட்டுட்டான்" என்பார். கெட்டுப்போன காயிலை எடுத்துக் காட்டினாலும் நம்பமாட்டார். மெக்கானிக் கருகிய சாமானைக் காட்டும்போது யார் சாமானைப் பார்க்கிறார்கள்? நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள். வண்டி ஓடும், முனிரத்தினத்தின் மேல் விழுந்த திருட்டுப் பட்டம் அப்படியே இருக்கும்.

இன்னொன்றும் இருந்தது. முனிரத்தினம் உண்மை சொல்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கொட்டகையில் பல்பு எரிந்தது உண்மைதானே. நல்ல மனிதர்தான், ஆனாலும் கன்று போடுகிற மாட்டுக்காக ஒரு நல்ல மனிதர் பொய் சொல்ல மாட்டாரா?

வண்டியின் எதிரில் உட்கார்ந்து அந்த முருகன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வண்டி, ஒரே பேட்டரி. அண்ணன் எங்கே ஓட்டுகிறார்? கரும்பு வெட்ட உத்தரவு வாங்கத் திருவாலங்காடு பக்கம் சர்க்கரை ஆலைக்கு, சாமான் வாங்க அரக்கோணத்துக்கு. எல்லாம் பகல் நேரம், நல்ல ரோடு, நல்ல வேகம். தம்பி எங்கே ஓட்டுகிறார்? விடிவதற்கு முன் லைட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் பால் கேனைக் கட்டிக்கொண்டு, திருத்தணித் தெருக்களில் வீடு வீடாக நின்று நின்று போகிறார். சாயங்காலப் பாலுக்கு மறுபடியும் அதே. அவர் வண்டி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம். காயிலுக்குப் பாதி பலம்தான் என்றால், அண்ணன் ஓட்டும்போது அது வெளியே தெரியவே தெரியாது. தம்பி ஓட்டினால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடித்துவிடும். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

இருக்கலாம், அவ்வளவுதான். அதை நான் சொன்னால் நியாயம் பேசுகிறேன் என்று ஆகும். காயிலைக் கழற்றி அளந்தாலோ, நானே வண்டியில் ஏதோ கை வைத்துவிட்டேன் என்று ஆகும். தணிகாசலமே பார்க்க வேண்டும்.

இருவரையும் வரச்சொன்னேன். "அடுத்த வாரம் யாரு முறை?"

"இவன்து" என்றார் தணிகாசலம்.

"வாரம் இவருது. வண்டிய நீ எடுத்துக்கினு போய் நீயே பால் ஊத்து. இவரு வண்டியத் தொடவே கூடாது. உன் வீட்லயே நிறுத்திக்க."

"நான் பால் ஊத்தணுமா? ஊரு சிரிக்கும்பா!"

"தம்பிய திருடன்னு சொன்னப்ப ஊரு சிரிக்கலியா? உனக்கு என் சாட்சி வேணும்னா இது நடக்கணும். இல்லன்னா நான் வாயத் தெறக்க மாட்டேன்."

கொஞ்சம் முறைத்தார். பிறகு சிரித்தே விட்டார். ஜெயிக்கப்போகிறோம் என்ற நம்பிக்கை அவருக்கு. பேட்டரியை நன்றாகச் சார்ஜ் ஏற்றி மாட்டினேன். பார்சலுக்கு வைப்பார்களே, அந்தச் சிவப்பு அரக்கை உருக்கி, பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டையின் மேலும் வயர் முனைகளின் மேலும் ஊற்றினேன். சூடு ஆறுவதற்குள் தணிகாசலத்தின் கட்டைவிரலைப் பிடித்து அதில் அழுத்தினேன். அரக்கை உடைக்காமல் பேட்டரியை யாரும் கழற்ற முடியாது. முனிரத்தினம் எல்லாவற்றையும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "மேட்டுத் தெருவுல அந்த டீச்சரம்மா வீட்டுக்கு மொத ஊத்தணும், அவங்களுக்கு ரயிலு" என்று அண்ணனுக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

பழுது இருக்கிறது என்று சந்தேகப்பட்ட வண்டியைக் கை வைக்காமல் நான் அனுப்பியது என் தொழிலில் அந்த ஒரு தடவைதான். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கணக்கு தப்பாகி, வண்டி தணிகாசலத்தின் கையில் நன்றாகவே ஓடிவிட்டால்? முனிரத்தினத்தை நானே மலைப்படியில் ஏற்றிவிட்டவன் ஆவேன். தேவி என்ற அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் அவள் நினைப்பாகவே இருந்தது. "ஊரான் வீட்டு பேட்டரிக்கு நீங்க ஏன் காயறீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

முதல் நாலைந்து நாள் ஒரு தகவலும் இல்லை. தெருவில் தணிகாசலம் வண்டியில் போவதை ஒரு நாள் பார்த்தேன், சாயங்காலம். கேன்களுக்கு நடுவே கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் விறைப்பாக உட்கார்ந்து, எனக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார். லைட் பளிச்சென்று எரிந்தது.

பிறகு ஒரு காலை, நான் கடைக் கதவைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது, யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். தணிகாசலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் கேன்கள். வேட்டி முட்டிவரை பால், சேறு. கடை வாசலில் ஸ்டாண்டு போடக்கூட அவருக்குத் தெம்பில்லை, நான்தான் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. குனிந்து பேட்டரிப் பெட்டியைத் திறந்து, அரக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்படியே கீது" என்றார். "என் கட்டைவெரலு அப்படியே கீது ஞானம்."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"நேத்து சாயங்காலமே லைட்டு மங்கிச்சி. இன்னைக்கு மேட்டுத் தெருவுல நின்னுடுச்சு. ஒதைச்சி ஒதைச்சிப் பாத்தேன். அந்த டீச்சரம்மா வந்து, 'உங்க தம்பி தள்ளிக்கினாவது வந்து நேரத்துக்கு ஊத்திடுவாரே, நீங்க ஏன் நின்னுட்டீங்க?'ன்னு கேக்குது. வீட்டுக்கு வீடு அதையே சொல்றாங்க. எத்தினி வாட்டி தள்ளிக்கினு போயிருக்கான் பாரு. ஒரு நாளும் ஒரு வீட்டுக்கும் தப்பலியாம். நான் பாதி வீடு ஊத்தாம வந்துட்டேன்." தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் அழட்டும் என்று நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வரும்போது கேன்கள் இல்லை, ஆளும் இல்லை. மிச்ச வீடுகளுக்கு இரண்டு கேனையும் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விட்டார்.

வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காயிலைக் கழற்றி, சூடேற்றி அளந்தேன். நினைத்தபடியே ஒன்று உள்சுற்றில் செத்திருந்தது. சுற்றிப் போட்டேன். முள் மீட்டர் ஒன்று புதிதாகப் போடலாமா, இனிமேல் சார்ஜ் இறங்கினால் உடனே தெரியும் என்று தணிகாசலத்தைக் கேட்டேன். முருகனை எடுக்க வேண்டாம், பக்கத்தில் வேண்டுமானால் போடு என்றார். அப்படியே போட்டேன்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் கருவிகள் எனக்கு இருந்திருந்தால் அந்தக் காயிலைக் கழற்றாமலே அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன். நல்லதுதான், நீங்கள் கண்டுபிடியுங்கள். ஆனால் வண்டியை யார் ஓட்டுகிறார்கள், எங்கே, எந்த நேரத்தில், எத்தனை இடத்தில் நின்று நின்று ஓட்டுகிறார்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் முறுக்குங்கள். "மெசின் நல்லா கீது" என்று நாம் சொன்னால், கேட்கிறவர் அடுத்து ஒரு மனிதரைத் தேட ஆரம்பித்துவிடுவார். அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிக் கிருத்திகை அன்று நான் கடையைத் திறந்து வைத்திருந்தேன். ரோடு முழுக்க மஞ்சள் துணியும் காவடியும் அரோகரா சத்தமும். கூட்டத்துக்கு நடுவே அந்த வண்டியின் தடதடப்பு தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஹாண்டில்பாரில் சாமந்தி மாலை, ஹெட்லைட்டில் சந்தனம் குங்குமம். மலையில் வண்டிக்குப் பூசை போட்டுவிட்டு வருகிறார்கள். பின்னால் ஒரு ஆட்டோவில் கோமளா. அவர் மடியில் சாய்ந்துகொண்டு, வாய் நிறையப் பஞ்சாமிர்தத்தோடு ஒரு பெண் குழந்தை.

ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, கோமளா பிரசாதத்தை நீட்டினார். துணிப்பையைக் கவிழ்த்து உதறிக் காட்டினார்.

"அதே கற்பூரம்தாங்கண்ணா. மொத்தத்தையும் வண்டி முன்னாடி கொளுத்திட்டு வந்துட்டேன்."

நான் வண்டியைப் பார்த்தேன். கிணற்று முறைப்படி அது தணிகாசலத்தின் வாரம். ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தவர் முனிரத்தினம். தணிகாசலம் பின்னால், தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.